கருவிக்குக் கால் கிடையாது

அவளைக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் எல்லோரும் லேப் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கண்காணிப்பாளர் அவளைவிட ஆறு வயது மூத்தவர். அவரும் அப்படியே கூப்பிட்டார். இருபத்தோரு வருஷமாக அதே அறை, அதே ஸ்டூல், ஜன்னலுக்கு வெளியே அதே கழிவுநீர்த் தொட்டி. அதற்கு முன் மூன்று வருஷம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். "அங்க ரத்தம் குடுத்தவங்க அரைமணிக்கு ஒரு தரம் வந்து ரிசல்ட் என்னாச்சுன்னு நிப்பாங்க. இங்க குடுத்தவங்க யாரும் திரும்பி வந்து கேக்க மாட்டாங்க" என்பாள். சிரிக்காமல்தான் சொல்வாள். கேட்பவர்கள் கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பார்கள்.

ஊர் குளித்தது, துவைத்தது, கழுவியது எல்லாம் ஒரு பெரிய குழாய் வழியாக அங்கே வந்து சேரும். வாசலில் ஒரு கம்பி வலை துணி, சீப்பு, பொம்மைக் கை போன்றவற்றைப் பிடித்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் காற்றுத் தொட்டி. நாலு பஸ் நீளம். அடியில் குழாய்கள் ஓயாமல் காற்றை ஊதும். அந்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்னும். தின்று பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் கட்டிகளாகத் திரளும். அடுத்தது படியும் தொட்டி. அங்கே காற்றும் இல்லை, சத்தமும் இல்லை. கட்டிகள் அடியில் இறங்க, தெளிந்த நீர் விளிம்பைத் தாண்டி வாய்க்காலுக்குப் போகும். மொத்த வேலையும் அந்தக் கட்டிகள் ஒழுங்காக இறங்குவதில்தான் இருக்கிறது. அவை இறங்க மறுத்தால், ஊர் அனுப்பியதை ஊருக்கே திருப்பி அனுப்பியதாக ஆகிவிடும்.

அக்காவின் வேலை, அவை இறங்குகின்றனவா என்று பார்ப்பது. தினமும் காலையில் காற்றுத் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் எடுத்து, அளவுக் கோடு போட்ட கண்ணாடி ஜாடியில் ஊற்றி, அரைமணி நேரம் தொடாமல் வைப்பாள். கட்டிகள் முந்நூறு கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் எல்லாம் நலம். பிறகு அதில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து, நூலை எண்ணுவாள்.

நூல் என்பது அவள் வைத்த பெயர். பாக்டீரியாவில் ஒரு கூட்டம் நூல் மாதிரி நீள நீளமாக வளரும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் ஒரே மூச்சில் விளக்கிவிடுவாள். "கொஞ்சம் நூல் வேணும். நூலே இல்லாட்டி கட்டி உதிர்ந்து போயிடும். ஜாஸ்தியானா கட்டியும் கட்டியும் கையைக் கோத்துக்கிட்டு மேலயே மிதக்கும். அவ்வளவுதான் விஷயம். கைய எங்க வச்சாலும் உடனே சோப்பு போட்டுக் கழுவுங்க." நூலுக்கு ஒரு அளவும் உண்டு. ஒன்றுமே இல்லை என்றால் பூஜ்யம்; நூலைத் தவிர வேறு ஒன்றுமே தெரியவில்லை என்றால் ஆறு. பதினோரு வருஷமாக அவளுடைய பதிவேட்டில் அந்தக் கட்டத்தில் இரண்டு என்றே இருந்தது. அந்தப் பதிவேட்டை அவளைத் தவிர யாரும் படித்ததில்லை. இருந்தும் கையெழுத்து அழகாகத்தான் இருக்கும்.

வீட்டுக்காரர் பால் கம்பெனியில் டேங்கர் லாரி ஓட்டினார். கல்யாணம் பேசும்போது ஒருத்தர் பால், ஒருத்தர் சாக்கடை என்று சொந்தக்காரர்கள் கொஞ்சம் இழுத்தார்கள். கடைசியில், இரண்டுமே குழாய் சம்பந்தப்பட்ட வேலைதானே என்று யாரோ சொல்ல, ஒருவழியாகச் சமாதானமானார்கள். ஒரே மகள். பதினேழு வயது. வீட்டில் மூன்று பேருக்கு மூன்று சோப்பு.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு திங்கட்கிழமை ஜாடியில் கட்டிகள் நானூற்று இருபதில் நின்றுவிட்டன. அடுத்த வாரம் அறுநூற்று ஐம்பது. அதற்கடுத்த வாரம் எண்ணூற்று எண்பது. அதாவது அரைமணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தும் ஜாடி வைத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. மைக்ராஸ்கோப்பில் நூல் மூன்றானது, நாலானது, ஐந்தானது. அக்கா கண்காணிப்பாளர் அறைக்குப் போய்ச் சொன்னாள்.

கண்காணிப்பாளர் கெட்டவர் இல்லை. பைல்களை விளிம்பு ஒத்துப்போக அடுக்கி வைப்பார். டெலிபோன் அடித்தால் மட்டும் முகம் கொஞ்சம் வெளுக்கும்.

"யாராவது புகார் குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை சார்."

"அப்ப பாத்துக்கலாம்."

எட்டு நாள் கழித்து புகார் வந்தது. வாய்க்கால் போய்ச் சேரும் பூங்காவில் ஒருவர் வாடகைக்குப் படகு விடுவார். அவர் ஒரு ஜூஸ் பாட்டிலில் வாய்க்கால் தண்ணீரைப் பிடித்து வந்து கண்காணிப்பாளர் மேஜையில் வைத்தார். உள்ளே பழுப்புத் துணுக்குகள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

"இது உங்களோடதுங்களா?" என்றார் படகுக்காரர், யாரோ தவறவிட்ட குடையைக் கொண்டுவந்து கொடுப்பவர் மாதிரி.

கண்காணிப்பாளர் தன் டீ கிளாஸைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் அவர் பல வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக லேபுக்கு வந்தார். "காட்டுங்க" என்றார். அக்கா ஸ்டூலை விட்டு எழுந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு லென்ஸில் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"அடேயப்பா. கறுப்பா, தடிதடியா, ரெண்டு பக்கமும் வளைஞ்சு நிக்குதே."

"சார், அது உங்க கண் இமை முடி."

"அது இல்லம்மா. எனக்குத் தெரியாதா? அதுக்குப் பின்னாடி இருக்கறதைச் சொல்றேன்."

பின்னால் இருந்ததை அவர் பார்த்தாரா என்பது இன்றுவரை தெரியாது. நிமிர்ந்தவுடன் முடிவு சொல்லிவிட்டார். "பால் கம்பெனி. கொழுப்பைக் கொட்டியிருக்கான். இது கொழுப்புல வளர்றதுதானே?"

கொழுப்பில் வளரும் நூல் உண்டு. அவர் சொன்னதில் தப்பில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தக் கம்பெனியில் வால்வு உடைந்து ஒருநாள் பால் வந்ததும் உண்மை; தொட்டியே வெளுத்துப்போனது. "எந்த வகைன்னு சாயம் போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன் சார். நாலு நாள் ஆகும்" என்றாள் அக்கா. சிவப்புச் சாயம் பாட்டிலிலேயே காய்ந்து கிடந்தது. புதிதாக வரவழைக்க வேண்டும். கண்காணிப்பாளரால் நாலு நாள் பொறுக்க முடியவில்லை. மேஜைமேல் ஜூஸ் பாட்டில் இருந்தது. ஒரு மணி நேரத்தில் பால் கம்பெனிக்கு நோட்டீஸ் போய்விட்டது. விளக்கம் கொடுக்கும்வரை கழுவுநீரைச் சாக்கடையில் விடக்கூடாது.

கழுவுநீரை விடாமல் டேங்கரைக் கழுவ முடியாது. கழுவாமல் பால் ஏற்ற முடியாது. பாதி லாரிகளை நிறுத்திவிட்டார்கள். அக்காவின் வீட்டுக்காரரைப் பின்பக்கம் பிளாஸ்டிக் கூடைகளை ஈரத்துணியால் துடைக்கும் வேலையில் போட்டார்கள். மற்ற டிரைவர்கள் அவரிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். நோட்டீஸ் எந்த ஆபீஸிலிருந்து வந்தது, அந்த ஆபீஸில் யார் வேலை பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கும் தெரியும்.

நாலாம் நாள் சாயம் வந்தது. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டைக் காயவைத்து, ஊதாச் சாயம் விட்டு, அயோடின் விட்டு, ஸ்பிரிட்டில் அலசி, கடைசியில் சிவப்புச் சாயம் விட்டாள். கொழுப்புத் தின்னும் நூல் ஊதாவை விடாது. எவ்வளவு அலசினாலும் பிடித்துக்கொள்ளும். மற்றது ஊதாவை உடனே கைவிட்டுச் சிவப்புக்கு மாறிவிடும். ஒரு சொட்டு எண்ணெய் வைத்து, பெரிய லென்ஸைத் திருப்பிப் பார்த்தாள்.

சிவப்பு. ஒன்று பாக்கியில்லாமல் சிவப்பு.

இன்னும் கூர்ந்து பார்த்தாள். கண்ணாடிக் குழல் மாதிரி ஒரு உறை. அதற்குள் மாத்திரை அட்டை போல வரிசையாகச் சிவப்புக் குச்சிகள். சில இடத்தில் கிளை பிரிந்த மாதிரி தெரிந்தது. கிளை இல்லை, ஒரு நூல் இன்னொரு நூல்மேல் சாய்ந்து ஒட்டிக்கொண்டது. இந்த வகையை அவள் புத்தகத்தில் மட்டும் பார்த்திருக்கிறாள். இதற்குக் கொழுப்பு வேண்டியதில்லை. இது காற்றுப் பஞ்சத்தில் செழிப்பது. நிரம்பி வழியும் பஸ்ஸில் உள்ளே மாட்டியவனுக்கு மூச்சு முட்டும். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியவனுக்கு முட்டாது. இந்த நூல் தலையை நீட்டுகிறவன். தொட்டியில் ஆக்சிஜன் குறைந்தால், கட்டிக்குள் இருப்பதெல்லாம் தவிக்க, வெளியே நீண்ட இது மட்டும் வளரும்.

அதாவது, தப்பு பால் கம்பெனியில் இல்லை. நிலையத்துக்குள்ளேயே இருக்கிறது.

அவள் போய்ச் சொன்னாள். கண்காணிப்பாளர் முழுவதையும் கேட்டார். பேனாவை மூடினார்.

"உங்க வீட்டுக்காரர் எங்க வேலை பாக்கறாரு?"

அவருக்குப் பதில் தெரியும்.

"நான் தப்பாச் சொல்லல. வெளியில இருந்து பாக்கறவன் என்ன நினைப்பான்? அதுவுமில்லாம, பால் வந்தாலும் ஆக்சிஜன் குறையும். பாக்டீரியா ஜாஸ்தி தின்னா ஜாஸ்தி மூச்சு விடும். இல்லையா?"

அதிலும் நியாயம் இருந்தது. எனவே பத்து நாள், உள்ளே வரும் கழிவுநீரை வேளாவேளைக்கு எடுத்து, அழுக்கு எவ்வளவு என்று சோதித்தாள். நோட்டீஸுக்கு முன்னால் எடுத்து வைத்திருந்த அளவுகளையும் சேர்த்துப் பார்த்தாள். போன வருஷம் இதே மாதத்தில் இருந்ததற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. தாளைக் கொண்டுபோய் வைத்தாள்.

"டெஸ்ட் பண்ணது யாரு?"

"நான்தான் சார்."

"அதான்" என்றார் அவர், வருத்தமாகவே.

அன்று சாயங்காலம் வீட்டில் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"உங்க ஆளுங்க எப்ப அந்த நோட்டீஸை எடுப்பாங்க?"

"நான் சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்கறாங்க."

"எங்க ஆளுங்களும் நம்ப மாட்டேங்கறாங்க. பொண்டாட்டி நோட்டீஸ் விடறா, புருஷன் ஒண்ணும் தெரியாத மாதிரி கூடை துடைக்கிறான்னு பேசிக்கிறாங்க."

"அங்க, புருஷனுக்காகப் பொய் ரிப்போர்ட் எழுதறேன்னு பேசிக்கிறாங்க."

"எதையாவது ஒண்ணை முடிவு பண்ணிட்டுப் பேசச் சொல்லு."

உள்ளறையிலிருந்து மகள் குரல் கொடுத்தாள். "ரெண்டு பேரும் செருப்பு விடற இடத்துலயே ஆபீஸையும் விட்டுட்டு வாங்க. எனக்கு நாளைக்குப் பரீட்சை."

அக்காவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. தான் கண்ணால் பார்த்த ஒன்றை, தான் பார்த்ததாலேயே ஒருவரும் நம்பமாட்டார்கள் என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது. இருபத்தோரு வருஷத்தில் அவள் சொன்னதை யாரும் சந்தேகப்பட்டதில்லை. யாரும் கேட்டதில்லை என்பதுதான் காரணம் என்று இப்போது புரிந்தது.

மறுநாள் கன்ட்ரோல் ரூமுக்குப் போனாள். தொட்டியைக் கவனித்துக்கொள்ளும் ஆபரேட்டர் அங்கே இருந்தான். நாற்பத்திரண்டு வயது. யார் எதைச் சொன்னாலும் "ஆமா" என்பதால் அவன் பெயரே ஆமா என்று ஆகிவிட்டது. மழை வரும் போலிருக்கு என்றாலும் ஆமா, வராது போலிருக்கு என்றாலும் ஆமா. தொட்டிக்குள் ஒரு ஆக்சிஜன் மீட்டர் கம்பத்தில் தொங்கும். அது காட்டும் எண் அவன் திரையில் தெரியும். எண் இரண்டுக்கு மேல் இருந்தால் காற்று ஊதும் மெஷின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

"எவ்வளவு காட்டுது தம்பி?"

"ரெண்டு புள்ளி ஒண்ணுக்கா."

"நேத்து?"

"ரெண்டு புள்ளி ஒண்ணு."

"போன மாசம்?"

"ஆமா."

எப்போது பார்த்தாலும் ஒரே எண் காட்டும் மீட்டரைப் பார்த்தால் சந்தோஷப்படக் கூடாது; அது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டோரிலிருந்து கையில் பிடிக்கும் மீட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டாள். பதினொரு மணி, காலையில் ஊர் குளித்த தண்ணீர் வந்து சேரும் நேரம். ஆமாவையும் கூட்டிக்கொண்டு தொட்டியின் மேல் போகும் இரும்புப் பாலத்தில் ஏறினாள்.

"நான் தொடவே மாட்டேன். நீயே இறக்கு, நீயே படி, உன் கையெழுத்துல நீயே எழுது."

"ஆமாக்கா. ஏன்கா?"

"டெஸ்ட் பண்ணது யாருன்னு கேப்பாங்க."

அவன் எட்டு இடத்தில் இறக்கினான். முதல் இடத்தில் பூஜ்யம் புள்ளி நாலு. அடுத்து பூஜ்யம் புள்ளி மூன்று. அதற்கடுத்தும் மூன்று. ஏழாவது இடம்வரை அரையைத் தாண்டவில்லை. எட்டாவது, மூலையில் நிரந்தர மீட்டர் தொங்கும் இடம். அங்கே மட்டும் இரண்டு புள்ளி ஒன்று.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். அந்த மூலையில் அடியில் இருந்த காற்றுக் குழாயின் மூடி சமீபத்தில் உடைந்திருக்க வேண்டும். மற்ற இடங்களில் பொடிப்பொடியாக வரும் குமிழி அங்கே மட்டும் கை முஷ்டி அளவுக்குக் கொப்பளித்துக்கொண்டு வந்தது. வந்த குமிழியெல்லாம் மீட்டரின் மூக்கிலேயே மோதி ஒட்டிக்கொண்டது. ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு ரூமில் புழுக்கமே இல்லை என்று சொல்லும் ஆள் மாதிரி, மீட்டர் திரைக்குச் சேதி அனுப்பிக்கொண்டிருந்தது. அதை நம்பி மெஷின் ஊதுவதைக் குறைத்தது. மீதித் தொட்டி மூச்சுத் திணறியது. நூல் தலையை நீட்டியது.

"பாத்தியா" என்றாள் அக்கா. குரலில் ஒரு துள்ளல் வந்துவிட்டது. "நான் சொன்னேன்ல! எந்த அறிவாளி இதைக் கொண்டுவந்து இந்த மூலையில வச்சது?"

ஆமா தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லு தம்பி."

"நீங்கதான்கா."

"நானா?"

"எட்டு மாசம் இருக்கும். கைப்பிடிக்குப் பெயின்ட் அடிச்சாங்கல்ல, அப்ப. தண்ணி எடுக்கும்போது உங்க வாளிக் கயிறு இந்தக் கம்பத்துல மாட்டிக்குதுன்னு சொன்னீங்க. எப்படியும் பெயின்டுக்காகக் கழட்டியாச்சு, அந்த மூலைல மாட்டிடட்டுமான்னு நான்தான் கேட்டேன். நீங்க ஆமான்னீங்க."

அக்கா நின்றுகொண்டே இருந்தாள். அவளுக்கு நினைவு வந்தது. வெயில், புதுப் பெயின்ட் வாடை, ஈரமான கைப்பிடியில் யாரும் கை வைக்கக்கூடாது என்ற கவலை. ஒரு வார்த்தைதான் சொல்லியிருந்தாள். அதையும் திரும்பிப் பார்க்காமல் சொல்லியிருந்தாள்.

பின்னாளில் அவளே ஒப்புக்கொண்ட ஒன்று உண்டு. பாலத்தில் நின்றபோது முதலில் வந்தது குற்ற உணர்ச்சி இல்லை. நூலைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற திருப்திதான். படியில் நாலு படி இறங்கிய பிறகுதான் ஈரத்துணியும் கூடையும் ஞாபகம் வந்தன. அதற்குப் பிறகு மீதிப் படிகளைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள்.

"அக்கா," என்று பின்னாலிருந்து ஆமா கூப்பிட்டான். "அந்த விஷயம் நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

"தெரியும்."

"சொல்லணுமா?"

"ஆமா" என்றாள் அக்கா.

கண்காணிப்பாளர் எட்டு எண்களையும் இரண்டு தடவை படித்தார். கையெழுத்து ஆமாவுடையது என்பதையும் பார்த்துக்கொண்டார். பிறகு அவள் எழுதி வந்த ரிப்போர்ட்டைப் படித்தார். மூன்றாவது வரியில் நின்றார்.

"இதென்ன, ‘என் வசதிக்காக மீட்டரை இடம் மாற்றச் சொன்னேன்’?"

"அதுதான் சார் நடந்தது."

"நடந்ததை நடந்த மாதிரியே எழுதுவாங்களா? இது ரிப்போர்ட்டும்மா. ‘மீட்டர் இடம் மாறியிருந்தது’ன்னு எழுதுங்க. முடிஞ்சுது."

"கருவிக்குக் கால் கிடையாது சார்."

"சரி, ‘மாற்றப்பட்டிருந்தது’ன்னு போடுங்க."

"யாரால மாற்றப்பட்டதுன்னு கேப்பாங்க."

"ஒருத்தனும் கேக்க மாட்டான். பதினஞ்சு வருஷமா நான் அப்படித்தான் எழுதறேன். எல்லாமே தானா மாறியிருக்கு, தானா உடைஞ்சிருக்கு, தானா காணாமப் போயிருக்கு. ஒரு கேள்வி வந்ததில்லை."

அக்கா தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. "சார், மீட்டர் தானா மாறுச்சுன்னு எழுதினா, புருஷன் கம்பெனியைக் காப்பாத்த நான் கதை கட்டறேன்னுதான் நினைப்பாங்க. நீங்களே நினைச்சீங்க. நான் மாத்தச் சொன்னேன்னு எழுதினா, நம்பறதைத் தவிர அவங்களுக்கு வேற வழி இல்லை. வீட்டுக்காரருக்காகப் பொய் சொல்றவ தன்னையே மாட்டிவிட்டுக்குவாளா?"

கண்காணிப்பாளர் ஜன்னலைப் பார்த்தார். மேஜை ஓரத்தில் ஜூஸ் பாட்டில் இன்னும் இருந்தது. அதை எந்தப் பைலில் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "நான் கேட்டது தப்புதான்" என்றார், ஜன்னலைப் பார்த்தபடியே. எதைக் கேட்டது என்று சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டார். மூன்றாவது வரியில் ஒரே ஒரு எழுத்துப் பிழை இருந்தது. அதை மட்டும் திருத்தினார்.

அன்று சாயங்காலமே மீட்டரை நடுத் தொட்டிக்கு மாற்றினார்கள். திரையில் எண் சரேலென்று விழுந்தது. காற்று மெஷின் பல வாரத்துத் தூக்கம் கலைந்து உறுமியது. இரண்டு நாளில் உடைந்த மூடியையும் மாற்றினார்கள்.

வீட்டில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்காரர் நடுவில் குறுக்கிடாமல் கேட்டார்.

"அதாவது, உன் வாளிக் கயிறு மாட்டுதுன்னு, நான் ரெண்டு வாரம் கூடை துடைச்சிருக்கேன்."

"ஆமாங்க."

"கயித்தைக் கொஞ்சம் தள்ளி இறக்கியிருக்கலாமே."

"அது தோணல."

அவர் எழுந்து கைகழுவப் போனார். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பேசாவிட்டாலும், காலையில் அவளுடைய சாப்பாட்டு டப்பாவை எப்போதும் போல அவரே துடைத்து மூடி வைத்தார். முன்னைவிடப் பளபளவென்று இருந்தது. கை பழகிவிட்டது போல. மூன்றாம் நாள் பால் கம்பெனிக்கு நோட்டீஸை வாபஸ் வாங்கிய கடிதம் போயிற்று. கம்பெனி மேனேஜர் ரிப்போர்ட்டின் நகலையும் கேட்டு வாங்கி, டிரைவர்கள் உட்காரும் இடத்தில் ஒட்டச் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்த வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றும்போதே பேசினார்.

"மூணாவது வரியை எல்லாரும் ரெண்டு தடவை படிச்சாங்க."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. நாளைக்கு லாரியை எடுக்கச் சொல்லிட்டாங்க." செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, "தைரியந்தான் உனக்கு" என்றார். அது பாராட்டா திட்டா என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

நூல் உடனே போய்விடவில்லை. முதல் வாரம் ஐந்திலேயே நின்றது. பிறகு மைக்ராஸ்கோப்பில் வெறும் உறைகள் தெரிய ஆரம்பித்தன. மாத்திரை தீர்ந்த அட்டைகள். இருபதாம் நாள் நூல் மூன்றுக்கு வந்தது. ஜாடியில் கட்டிகள் நானூறுக்குக் கீழே இறங்கின. அவற்றுக்கு நடுவில், காம்பு வைத்த மணி மாதிரி ஒரு குட்டி உயிர், சுருங்கி விரிந்து சுருங்கி விரிந்து, பாக்டீரியாவைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. தொட்டி நன்றாக மூச்சு விடுகிறது என்றால்தான் அது வரும். அக்கா அதை வெகுநேரம் பார்த்தாள். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது.

ரிப்போர்ட் மேலிடத்துக்குப் போய், அங்கிருந்து ஒரே உறையில் இரண்டு கடிதம் வந்தது. கண்காணிப்பாளர் அதைப் பிரிக்காமல் அவளிடமே கொடுத்தார். முதல் கடிதம், அனுமதியின்றிக் கருவியை இடம் மாற்றியதற்குக் கண்டனம்; பணிப் பதிவேட்டில் சேர்க்கப்படும். இரண்டாவது, நூல் வகையைச் சாயம் போட்டுக் கண்டறியத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லாததால், இனிமேல் சுற்றுவட்டாரத்து ஆறு நிலையங்களும் தங்கள் மாதிரிகளை அவருக்கே அனுப்ப வேண்டும் என்ற உத்தரவு. இரண்டிலும் ஒரே ஆள் கையெழுத்து, ஒரே தேதி. கடித எண் மட்டும் நூற்றுப் பதினாலு, நூற்றுப் பதினைந்து.

"வாழ்த்துச் சொல்றதா, வருத்தம் சொல்றதான்னு தெரியலையே" என்றார் கண்காணிப்பாளர்.

"நம்பர் வரிசைப்படி சொல்லுங்க சார்."

அவர் அப்படியே சொன்னார்.

முதல் மாதிரி பஸ்ஸில் வந்தது. வந்து சேருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கண்டக்டரிடமிருந்து போன் வந்தது.

"மேடம், உங்க பேருக்கு ஒரு பார்சல் வருது. உள்ள என்னங்க இருக்கு? பக்கத்து சீட்டுக்காரங்க எல்லாம் எழுந்து நின்னுக்கிட்டு வர்றாங்க."

"ஜன்னல் பக்கமா வச்சு, மூடியைக் கொஞ்சம் தளத்தி விடுங்க. இல்லாட்டி அதுக்கு மூச்சு முட்டும்."

"எதுக்குங்க?" என்றார் கண்டக்டர்.

அன்று வீட்டுக்காரருக்கு லீவு. அவரே வண்டியில் அவளை பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனார். கண்டக்டர் பாட்டிலைக் கை எட்டும் தூரத்துக்கு நீட்டிக் கொடுத்துவிட்டு, உடனே பஸ்ஸில் ஏறிக்கொண்டார். பின்சீட்டில் உட்கார்ந்து அதை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள் அக்கா. இரண்டு தெரு தாண்டியதும் வீட்டுக்காரர் மூக்கை லேசாகத் திருப்பினார்.

"நம்மளுது இதைவிடப் பரவால்ல" என்றார்.